கலைத்துப் போட்ட படுக்கைகள்

“கடல் தெரியிற ரூம் வேணும். நாலு.”

கேட்டேவிட்டாள்.

இந்த ஒன்றை மட்டும் கேட்கவே கூடாது என்று வேலையில் சேர்ந்த அன்றே முதலாளி படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். “நம்ம கம்பெனி நடத்துறது சிக்கனச் சுற்றுலா. சிக்கனம்னா பின்பக்க ரூம். அது வர்றவங்களுக்கும் தெரியும், ஹோட்டல்காரருக்கும் தெரியும். நடுவுல நீ வாயத் திறந்து காரியத்தக் கெடுத்துடாத.” முதலாளி சொன்னதாவது ஆறு மாதப் பழசு. அம்மா சொல்வதோ அவளுக்குப் பல் முளைத்த நாளிலிருந்து நடக்கிறது: “குடுத்தத வாங்கிக்க. கேக்காத. கேக்கறவ மேலதான் மொதல்ல கண்ணு வெப்பாங்க.”

ஆக, ஒரே மூச்சில் இரண்டு பேர் பேச்சையும் காற்றில் விட்டாயிற்று.

மேசைக்குப் பின்னால் இருந்த மேனேஜர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். முதலில் அவளைப் பார்த்தார். பிறகு அவள் தோளைத் தாண்டி வாசல் பக்கம் பார்த்தார். அங்கே பன்னிரண்டு பெண்கள் ஆளுக்கொரு பையோடு நின்றுகொண்டிருந்தார்கள். வரவேற்பறை சோபாக்கள் காலியாகத்தான் கிடந்தன. உட்காரச் சொல்லி யாரும் சொல்லவில்லை, உட்காரலாமா என்று இவர்களும் கேட்கவில்லை. அதனால் நின்றார்கள். அதிலும் வரிசையாக நின்றார்கள்.

ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடம் இந்தப் பன்னிரண்டு பேர் கையில்தான் ஓடுகிறது. அங்கே யார் பிறந்தாலும் சரி, யார் போய்ச் சேர்ந்தாலும் சரி, அந்தப் படுக்கை விரிப்பு கடைசியில் இவர்களிடம்தான் வரும். பையைக் குழந்தை மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டு முன்னால் நின்றவள் இவளுடைய அம்மா. அம்மாவுக்குப் பக்கத்தில், ஊருக்கே கேட்கிற குரலில் ரகசியம் பேசிக்கொண்டிருந்தவள் இஸ்திரி அக்கா.

இவள் பட்டம் வாங்கிய அன்றைக்கே சலவைக்கூடம் இவளுடைய சொந்தப் பெயரை மறந்துவிட்டது. அன்றிலிருந்து எல்லோருக்கும் இவள் ‘டிகிரி’. வீட்டிலும் சரி, அந்தக் கூடத்துப் பெண்களின் குடும்பங்களிலும் சரி, கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் இவள்தான். பட்டத்தோடு சேர்த்து மூக்குக்கு மேல் கோபத்தையும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள் என்பது இஸ்திரி அக்காவின் கட்சி.

“ரூம் உங்க கம்பெனி எதுக்குப் பேசியிருக்கோ அதுதாம்மா,” என்றார் மேனேஜர்.

“எங்க கம்பெனி விளம்பரத்துல போட்டிருக்கிற படம் உங்க முன்பக்க ரூம் படம். வெள்ளைத் திரை, ஜன்னல், ஜன்னல் முழுக்கக் கடல். அதப் பாத்துட்டுத்தான் இவங்க வந்திருக்காங்க. முன்பக்கம் காலியாத்தானே கிடக்கு?”

“காலியா கிடந்தா? காலியா கிடக்கற இடத்துக்கெல்லாம் ஆள அனுப்பிட முடியுமா?”

மேனேஜர் அதோடு விடவில்லை. தொலைபேசியை எடுத்து முதலாளியைப் பிடித்தார், இரண்டு வார்த்தை சொல்லிச் சிரித்தார், பிறகு அதை இவள் பக்கம் நீட்டினார்.

“உனக்குப் புத்தி கித்தி கெட்டுப் போச்சா?” என்றது மறுமுனை. “திங்கக்கெழமையோட உனக்கு ஆறு மாசம் முடியுது. உன்ன நிரந்தரம் பண்றதா வேண்டாமான்னு நான்தான் கையெழுத்துப் போடணும். ஞாபகம் இருக்கா?”

ஞாபகம் இருந்தது. இவளைவிட அம்மாவுக்கு அதிகமாகவே இருந்தது. நெஞ்சில் குத்திக்கொள்ளும் அந்தப் பெயர் அட்டையை அம்மா தினமும் காலையில் சேலைத் தலைப்பால் துடைத்துக் கொடுப்பாள். சாய்ந்து உட்கார ஒரு நாற்காலி, தலைக்கு மேல் ஒரு விசிறி, கை நனையாத வேலை. அந்தக் குடும்பத்தில் இதற்கு முன் யாருக்கும் இந்த மூன்றும் ஒன்றாக வாய்த்ததில்லை.

பின்னாலிருந்து அம்மாவின் கை முழங்கையைப் பிடித்து இழுத்தது. “விடுடி. தலைக்கு மேல கூரை இருந்தா போதாதா? வா.”

விட்டாள். பல்லைக் கடித்துக்கொண்டுதான், ஆனாலும் விட்டாள்.

பின்பக்க அறைகள் நான்கும் ஒரே அச்சு. அறைக்கு மூன்று கட்டில், ஒரு ஜன்னல். பதின்மூன்றாவது ஆளான டிகிரிக்கு அம்மாவின் அறைத் தரையில் ஒரு மெத்தை. ஜன்னலைத் திறந்தால் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு சுவர், அந்தச் சுவரில் சமையலறைப் புகையை வெளியே தள்ளுகிற ஒரு விசிறி. பட்டப்பகலில் விளக்குப் போட வேண்டியிருந்தது. முந்தின நாள் யாரோ பொரித்த மீனின் வாசனை தலையணை வரை வந்திருந்தது.

“ஏன்டி டிகிரி மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்க?” என்றாள் இஸ்திரி அக்கா, கட்டிலில் உட்கார்ந்து குதித்துப் பார்த்தபடியே. “ஜன்னல்னு ஒண்ணு இருக்குல்ல? நம்ம கூடத்துல அதுவும் கிடையாது. அங்க ஆவி, இங்க புகை. பழகின எடம் மாதிரியே இருக்கு.”

“அதுக்குத்தான் எனக்கு எரியுது. பழகின எடத்துக்கு வர்றதுக்கா இத்தன மாசமா வயித்தக் கட்டிச் சேத்து வெச்சீங்க?”

“வந்தது ரூமப் பாக்கவா, கடலப் பாக்கவா? எழுந்திரு. கடல் என்ன முன்பக்கத்துக்காரங்க வீட்டுச் சொத்தா?”

கடற்கரையில் அன்று மாலை அவர்கள் அடித்த கூத்தைச் சொல்லி மாளாது. வெயிலில் கண் கூசியது, மணல் காலைச் சுட்டது, பன்னிரண்டு பேரும் கைகோத்துக்கொண்டு ஒரே கூச்சலாகத் தண்ணீருக்குள் இறங்கினார்கள். முழங்கால் ஆழத்தில் போய் நின்றதும் இஸ்திரி அக்கா வெறுங்கை இரண்டையும் புரட்டிப் பார்த்தாள். பிறகு எல்லோரையும் திரும்பிப் பார்த்து, “அடியே, தண்ணியில நிக்கிறோம், கையில தொவைக்க ஒண்ணுமே இல்லடி!” என்றாள். அதற்கு அவர்கள் சிரித்த சிரிப்பில் பக்கத்தில் மணல் வீடு கட்டிக்கொண்டிருந்த குழந்தைகள் எழுந்து நின்று வேடிக்கை பார்த்தன.

அம்மா சிரிக்கவில்லை. அலை எழுந்து, விரிந்து, கரையில் சுருண்டு விழுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் மனதில் ஏதோ பெரிதாக ஓடுகிறது என்று டிகிரி கிட்டே போனாள்.

“அந்தப் பக்கம் யாரோ நல்லாத்தான் உதறுறாங்க,” என்றாள் அம்மா. “இந்தப் பக்கம் முனையப் புடிக்க ஆள் இல்ல. அதான் சுருங்கிப் போயிடுது.”

மறுநாள் காலை டிகிரி கண் விழித்தது கைத்தட்டல் சத்தத்தில். யாரோ யாரையோ பாராட்டுகிறார்களாக்கும் என்று புரண்டு படுத்தாள். மறுபடி ஒரு தட்டல். அடுத்த அறையிலும் ஒன்று.

எழுந்து பார்த்தால், அம்மாவும் இஸ்திரி அக்காவும் கட்டிலுக்கு இந்தப் பக்கம் ஒருத்தி அந்தப் பக்கம் ஒருத்தியாக நின்று விரிப்பை உதறிக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேர் எதிரெதிரே பிடித்து ஒரே நேரத்தில் உதறினால் துணி அப்படித்தான் தட்டும். உதறியது காற்றை வாங்கி உப்பி மெத்தைமேல் இறங்கியது. இறங்கி முடிப்பதற்குள் நான்கு மூலையும் உள்ளே போய்விட்டன. உள்ளங்கையால் ஒரே ஒரு தடவல், அவ்வளவுதான், ஒரு சுருக்கம் இல்லை. பேச்சும் இல்லை. வேலை நேரத்தில் அவர்களுக்குப் பேச்சே தேவைப்படாது. சலவைக்கூடத்து முதல் ஷிப்ட் எந்த நேரத்துக்குத் தொடங்குமோ அந்த நேரத்துக்குக் கண் தானாகத் திறந்துகொண்டது, கண் திறந்ததும் கையும் தானாக எழுந்துகொண்டது.

“என்ன பண்றீங்க?” என்று டிகிரி கத்தினாள். “நீங்க லீவுல வந்திருக்கீங்க!”

“தெரியுதுடி. அதான் மெதுவா பண்றோம்,” என்றாள் இஸ்திரி அக்கா. “எந்திரி, ஒன் படுக்கை மட்டும் பாக்கி.”

“இதுக்கு ஹோட்டல்ல ஆள் இருக்கு!”

“இருக்கட்டும். கை சும்மா இருக்க மாட்டேங்குது,” என்றாள் அம்மா, வெட்கப்படுகிறவள் மாதிரி. “கலைஞ்ச படுக்கைய விட்டுட்டு வெளிய போனா எனக்குக் கடல்ல இறங்கினாலும் நிம்மதி இருக்காது.”

நான்கு அறையிலும் இதே கதை. கூட்டி, துடைத்து, குளியலறைத் தரையை ஈரம் போகத் தேய்த்து, முந்தின நாள் காலில் ஒட்டி வந்த மணலை ஒரு முறத்தில் வாரி நடைபாதை மூலையில் வைத்திருந்தார்கள். சாயங்கால பஸ்ஸுக்காகப் பைகளை இப்போதே கட்டிக் கதவோரம் அடுக்கியாயிற்று. போகிற போக்கில் நான்கு சாவிகளையும் வரவேற்பு மேசைமேல் வரிசையாக வைத்துவிட்டுப் போனார்கள். ஆஸ்பத்திரியில் கூடத்துச் சாவியை யாரும் மடியில் முடிந்துகொண்டு போவதில்லை, மேசையில்தான் வைக்க வேண்டும். அந்தப் பழக்கம். மேசையில் அப்போது ஆள் இல்லை.

வெயில் உச்சிக்கு ஏறுகிற நேரத்தில், உப்பும் மணலுமாகச் சிரித்துக்கொண்டு திரும்பி வந்தால், வரவேற்பறை முழுக்க மஞ்சள் சட்டை. ஏதோ ஒரு கம்பெனி ஆட்கள், எல்லோருக்கும் ஒரே மாதிரி சட்டை மாட்டிக் கூட்டி வந்திருக்கிறார்கள். பெட்டிகளும் குழந்தைகளும் ஆளுக்கொரு குளிர்பானமுமாக சோபா, தரை, மாடிப்படி எல்லாம் நிரம்பி வழிந்தது. இவர்களுடைய பைகள் பன்னிரண்டும் மாடிப்படிக்கு அடியில் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து கிடந்தன.

“எங்க சாவி?” என்றாள் டிகிரி.

“நீங்க காலி பண்ணிட்டீங்களே,” என்றார் மேனேஜர்.

“யார் சொன்னது?”

“ரூமப் போய்ப் பாத்தேன். உள்ள ஆள் தங்கின அடையாளமே இல்ல. பை கட்டி வெச்சிருக்கு, சாவி மேசையில இருக்கு. யாராயிருந்தாலும் என்ன நெனைப்பாங்க?” அவர் குரலில் குற்ற உணர்வு துளியும் இல்லை. சொல்லப்போனால் ஒரு சந்தோஷம் இருந்தது. “சும்மா சொல்லக் கூடாது, என்ன சுத்தம்! நான் ஆளவிட்டுச் செஞ்சாலும் இப்படி வராது. அப்படியே இவங்களுக்குக் குடுத்துட்டேன். ஒரு துணிகூட மாத்தல.”

“சாயங்காலம் பஸ் கிளம்புற வரைக்கும் அது எங்க ரூம். அதுக்குக் காசு வாங்கியிருக்கீங்க.”

“தப்பு உங்க ஆளுங்க பக்கம்மா. ரூமுக்கு வர்றவங்க ரூமுக்கு வந்தவங்க மாதிரி இருக்கணும். கொல்லைப் பக்கம் நிழல் இருக்கு, பாய் தரச் சொல்றேன். சாயங்காலம் வரைக்கும் உக்காந்துக்கங்க.”

பாய். கொல்லைப்பக்கம். டிகிரிக்குக் காது மடல் வரை சூடேறியது. மேசைமேல் இருந்த தொலைபேசியை மேனேஜர் கொடுப்பார் என்று காத்திராமல் அவளே எடுத்தாள். நடந்ததை முதலாளியிடம் ஒரு சொல் குறையாமல் சொன்னாள்.

மறுமுனையில் முதலாளி விழுந்து விழுந்து சிரித்தார். “சொந்தக் காசுல வந்து படுக்கை போட்டுக் குடுத்தாங்களா? நல்ல ஆளுங்களப் புடிச்ச போ! இதோ பாரு, அவர்கிட்ட மல்லுக்கு நிக்காத. அந்த ஹோட்டல் நமக்கு வருஷம் முழுக்க வேணும். ஒரு மன்னிப்பக் கேட்டுட்டு, கொல்லையில உக்கார வெச்சுட்டு, கூட்டிட்டு வந்து சேரு. நாளைக்குக் காலையில கையெழுத்து. என்ன?”

அவள் தொலைபேசியை வைத்தாள். திரும்பிப் பார்த்தாள். பன்னிரண்டு பேரும் மறுபடி வரிசையாக நின்றிருந்தார்கள். ஆனால் யாரும் தரையைப் பார்க்கவில்லை. சிரிப்புச் சத்தம் தொலைபேசியைத் தாண்டி எல்லோருக்கும் கேட்டிருந்தது.

“முன்பக்கம் நாலு ரூம் காலியா இருக்கு,” என்றாள் மேனேஜரிடம். “கடல் தெரியிற ரூம். அதக் குடுங்க.”

“நேத்தே சொன்னேன்ல?”

“நேத்துக் கேட்டேன். இன்னிக்கும் கேக்கறேன்.”

முழங்கையை ஒரு கை தொடும், ‘விடுடி’ என்னும் என்று அவள் எதிர்பார்த்தாள். கை வரவில்லை. அம்மா அவளைக் கடந்து முன்னால் வந்து மேசையில் இரண்டு கையையும் ஊன்றினாள். சலவைச் சோடாவிலும் கொதிநீரிலும் ஊறி ஊறி நிறம் வெளுத்த, நகம் தேய்ந்த கைகள்.

“சார், அந்த ரூம்ல படுக்கை போட்டது யாரு?”

“நீங்கதாம்மா. அதான் பாராட்டினேனே.”

“நீங்க செய்யச் சொன்னீங்களா?”

“இல்லியே.”

“கூலி குடுத்தீங்களா?”

“இதென்ன கேள்வி...”

“அப்ப அது எங்க வேலை. நாங்க எடுத்துக்கறோம்.” அம்மா திரும்பினாள். குரலை உயர்த்தவே இல்லை. சலவைக்கூடத்தில் இயந்திரச் சத்தத்துக்கு நடுவே அவள் எப்படித் தலையை ஒரு பக்கம் அசைப்பாளோ அப்படி அசைத்தாள். “வாங்கடி.”

டிகிரி தன் வாழ்நாளில் முதல் முறையாக வாயைப் பிளந்துகொண்டு அம்மாவின் பின்னால் ஓடினாள்.

முதல் அறையில் மஞ்சள் சட்டைக்காரர்கள் இன்னும் நுழைந்திருக்கவில்லை, கதவு திறந்தே கிடந்தது. கட்டிலுக்கு இரண்டு பேர். மூலைகளை உருவினார்கள், விரிப்பை உருவினார்கள், உறையைக் கழற்றினார்கள். போட்டபோது இருந்த அதே ஒழுங்கு, அதே வேகம், அதே மௌனம். தலையணையை எந்தக் கோணத்தில் நசுங்கிக் கிடக்கக் கண்டார்களோ அதே கோணத்தில் நசுக்கி வைத்தார்கள். ஒருத்தி குளியலறைக்குள் போய்த் தரையில் இரண்டு செம்பு தண்ணீரை ஊற்றிவிட்டு வந்தாள். அம்மா நடு அறையில் நின்று சுற்றிலும் ஒரு முறை பார்த்து, ஓரத்தில் கிடந்த ஒரு துவாலையைக் காலால் சற்றுத் தள்ளி விட்டாள். திருப்தி.

மேனேஜர் மூச்சு வாங்க வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்குப் பின்னால் இஸ்திரி அக்கா, கையில் மணல் முறத்தோடு.

“சார், மணலையும் பழையபடி போட்டுடவா? கட்டிலுக்கடியில கொஞ்சம், மெத்தைமேல கொஞ்சம். நேத்து இருந்தது அப்படித்தான். நாங்க கணக்கா செய்யிறவங்க.”

நடைபாதையில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த மஞ்சள் சட்டை ஒன்று குபீரென்று சிரித்துவிட்டது. இன்னொரு மஞ்சள் சட்டை, “எங்களுக்கு ரெடியான ரூம்னு சொன்னீங்களே?” என்று மேனேஜரைப் பிடித்துக்கொண்டது. ஒரு குழந்தை வீரிட்டு அழுதது. ஞாயிற்றுக்கிழமை. துப்புரவு ஆட்கள் பாதிப் பேருக்கு விடுமுறை. மேனேஜரின் நெற்றியிலிருந்த கண்ணாடி தானாக மூக்குக்கு இறங்கியது.

டிகிரி அவர் முன்னால் போய் நின்றாள். கோபம் எங்கே போனதென்று அவளுக்கே தெரியவில்லை. அந்த இடத்தில் வேறு ஏதோ நிமிர்ந்து நின்றது.

“இப்ப யாராவது ஒருத்தருக்கு நீங்க முன்பக்க ரூமக் குடுத்துதான் ஆகணும். அவங்களுக்குக் குடுத்தா, மிச்ச மூணு ரூமையும் நாங்க கலைச்சுட்டு அதுல உக்காந்துக்கறோம். எங்களுக்குக் குடுத்தா, அந்த மூணும் போட்டது போட்டபடி இருக்கும். நீங்களே சொல்லுங்க.”

மேனேஜர் அவளைப் பார்த்தார், முறத்தைப் பார்த்தார், மஞ்சள் கூட்டத்தைப் பார்த்தார். இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை எடுத்து முன்பக்கத்துச் சாவிகள் நான்கையும் கழற்றி நீட்டினார். “சாயங்காலம் வரைக்கும்தான்.”

“சாயங்காலம் வரைக்கும்தான் எங்க ரூமும்,” என்றாள் அவள்.

அவர் இரண்டடி போய்த் திரும்பினார். கலைந்து கிடந்த அறையைக் காட்டி, கெஞ்சலாகவே, “இத மட்டும் மறுபடி...” என்றார்.

“அது உங்க வேலை,” என்றாள் அம்மா.

முன்பக்க அறை விளம்பரப் படத்தில் இருந்தது போலவே இருந்தது. வெள்ளைத் திரை, ஜன்னல், ஜன்னல் முழுக்கக் கடல். படத்தில் இல்லாதது ஒன்றுதான்: ஜன்னலோரம் ஒரு நாற்காலி, அதில் அம்மா. காலைத் தூக்கி ஜன்னல் விளிம்பில் வைத்துக்கொண்டு, காலில் ஒட்டிய மணல் உதிர உதிர, அதைப் பற்றிக் கவலையே படாமல் உட்கார்ந்திருந்தாள். மற்றவர்கள் கட்டில்களில் குறுக்கும் நெடுக்குமாக விழுந்து கிடந்தார்கள். பக்கத்து அறைகள் மூன்றும் பூட்டியே கிடந்தன. அவ்வளவு போராடி வாங்கிய நான்கு சாவிகளில் ஒன்றைத்தான் திறந்தார்கள். எல்லோருக்கும் ஒரே அறையில் கிடக்கத்தான் பிடித்திருந்தது.

“கேட்டா கிடைக்கும்னு இவ ஏன்டி இத்தன வருஷமா நம்மகிட்ட சொல்லல?” என்றாள் இஸ்திரி அக்கா கூரையைப் பார்த்தபடி.

“நான் தெனம் சொல்றேன்! நீங்கதான் காதுல வாங்கல.”

“நீ எங்கடி சொல்ற, கத்துற. கத்துனா காதுல எப்படி ஏறும்?” அக்கா புரண்டு படுத்தாள். “ஏய் டிகிரி, ஆஸ்பத்திரி சமையக்கட்டு ஆளுங்க கேட்டாங்க, அவங்களுக்கும் கடல் பாக்கணுமாம். ஒன் கம்பெனி வேணாம். நீயே கூட்டிட்டு வந்தா வர்றோங்கறாங்க. பஸ்காரர்கிட்ட நான் பேசிட்டேன். அவரும் ஒன் முதலாளி மேல கடுப்புல இருக்கார்.”

“நீங்க எப்ப பேசினீங்க?”

“நீ மூஞ்சியத் தூக்கி வெச்சிருந்தப்ப.”

டிகிரி சிரித்தாள். சிரித்துக்கொண்டே எழுந்து கீழே போய், மேனேஜரிடம் நேருக்கு நேர் உட்கார்ந்து, கூட்டம் இல்லாத நாட்களில் முன்பக்க அறைக்கு என்ன வாடகை என்று கேட்டாள். நிற்காமல், சோபாவில் உட்கார்ந்து கேட்டாள். அவர் சொன்னார். அவள் குறைக்கச் சொன்னாள். அவர் முனகினார், குறைத்தார். இந்தக் கேள்வியை இந்த ஆறு மாதத்தில் கம்பெனியில் ஒருவரும் கேட்டதே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

மாலையில் கிளம்பும்போது அம்மா கடைசியாக அறையை விட்டு வந்தாள். விரிப்புகள் சுருண்டு, தலையணைகள் சிதறி, தரையெல்லாம் மணல். அவள் கை ஒரு விரிப்பின் மூலை வரை நீண்டது. பாதியில் நின்றது. விரல்களை மடக்கிக்கொண்டு, கதவைச் சாத்தாமலே வெளியே வந்தாள். பேருந்து ஏறுகிற வரை அந்தக் கையை என்ன செய்வதென்று தெரியாதவள் மாதிரி வீசி வீசி நடந்தாள். அப்படியொரு நடையை அம்மாவிடம் டிகிரி பார்த்ததே இல்லை. ஏதோ கோப்பையை வென்று திரும்புகிற குழுவின் தலைவி நடக்கிற நடை அது.

திங்கட்கிழமை காலை அம்மா பெயர் அட்டையைத் துடைத்துக் கையில் கொடுத்தாள். ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது, செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டாள்.

“என்ன பண்ணப் போற?”

“ஒரே ஒரு தடவ கேட்டுப் பாக்கப் போறேன்.”

அம்மா ஒரு கணம் வாசலில் நின்றாள். “கேளு,” என்றாள். போய்விட்டாள்.

முதலாளியின் அறைச் சுவரில் அந்த விளம்பரப் படம் பெரிதாக ஒட்டியிருந்தது. அவர் அன்றைக்கு நல்ல மனநிலையில் இருந்தார். அவளுக்கும் சேர்த்து டீ வரவழைத்தார்.

“உக்காரு, உக்காரு. மேனேஜர் பேசினார். வாய் கொஞ்சம் நீளம்னார், அது கிடக்கட்டும். படுக்கை போட்டிருந்த அழகப் பத்தித்தான் அரை மணி நேரம் பேசினார். எனக்கு ராத்திரி பூரா தூக்கமே இல்ல. என்ன தோணிச்சு தெரியுமா?” அவர் இரண்டு கையையும் விரித்தார். “‘நம்ம வீடு’ சுற்றுலா! வர்றவங்களே ரூமச் சுத்தம் பண்ணிக் குடுத்துட்டுப் போவாங்க. ஹோட்டலுக்கு ஆள் செலவு மிச்சம், அதுல பாதி நமக்கு. இந்த மாதிரி ஜனங்க சந்தோஷமா செய்வாங்க. அதான் நேர்ல பாத்தியே! விளம்பரத்துக்கு உங்கம்மா கூட்டத்தையே நிக்க வெச்சு ஒரு படம் எடுத்துடலாம், கையில விரிப்போட. நீதான் இதுக்குத் தலைமை. இந்தா, நிரந்தர உத்தரவு. கையெழுத்துப் போட்டாச்சு.”

காகிதம் மேசைமேல் அவள் பக்கம் நகர்ந்து வந்தது. கீழே மையின் ஈரம் இன்னும் பளபளத்தது.

“ஒண்ணு கேக்கணும்,” என்றாள்.

“கேளு.”

“அவங்களுக்குக் கடல் தெரியிற ரூம் குடுப்பீங்களா?”

முதலாளிக்கு டீ புரையேறியது. சிரிப்பும் இருமலுமாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “உனக்கு அந்தப் பைத்தியம் இன்னும் விடலியா? படுக்கை போடறவங்களுக்கு எதுக்கும்மா கடல்?”

அவளுக்குக் கோபம் வரவில்லை. வரும் என்று நினைத்துத்தான் வீட்டிலிருந்து கிளம்பியிருந்தாள். ஆனால் கண்ணுக்குள் ஜன்னல் விளிம்பில் இரண்டு கால்கள் தெரிந்தன. அந்தக் கால்களுக்கு அப்பால் கடல் கிடந்தது.

நெஞ்சிலிருந்த பெயர் அட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். பக்கத்தில் அலுவலகச் சாவி. அதற்குப் பக்கத்தில் அலமாரிச் சாவி. மூன்றையும் வரிசையாக வைத்தாள்.

“என்னது இது?”

“எங்க ஆளுங்க சாவிய மேசையில வெச்சா காலி பண்ணிட்டாங்கன்னு நெனச்சுக்குவீங்கள்ல? இந்தத் தடவ சரியாத்தான் நெனைக்கறீங்க.”

“ஏய், நில்லு. வெளிய போய் என்ன பண்ணுவ? ஒன்ன மாதிரி எத்தன டிகிரி தெருவுல அலையுது தெரியுமா?”

“தெரியும். அதுல ஒண்ணுக்கு அடுத்த மாசம் ஒரு பஸ் நெறைய ஆள் இருக்கு.”

எழுந்தாள். ஆறு மாதமாக, எழுந்த உடனே நாற்காலியை உள்ளே தள்ளி, டீ டம்ளர் இரண்டையும் எடுத்துப் போய்க் கழுவி வைத்துவிட்டுத்தான் அந்த அறையை விட்டு வெளியே வருவாள். யாரும் செய்யச் சொன்னதில்லை. அம்மா கை அவளுக்கும் இருந்தது.

இன்று நாற்காலி கோணலாகவே கிடந்தது. டம்ளர்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. கதவைத் திறந்துகொண்டு, கையை வீசி வீசி வெளியே நடந்தாள்.